நிலைத்த தொட்டியில் இரண்டாவது ஆக்ஸலோட்டலை எப்போது விடலாம்?

14 ஒக்டோபர் 2023, அபர்டீன் வாசகரின் கேள்வி

என்னிடம் இரண்டு வயதான ஆக்ஸலோட்டல் (செவுளோடு வாழ்நாளெல்லாம் நீரிலேயே வாழும் மெக்சிகோச் சாலமண்டர்) ஒன்று இருக்கிறது. தொட்டியில் இதுவரை எந்தச் சிக்கலும் வந்ததில்லை. கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் எப்போதும் பூச்சியம்தான். அது தனியாகக் கிடப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை இன்னொன்று வாங்கி வரப்போகிறேன். தொட்டி நன்றாக நிலைத்துவிட்டது என்பதால், பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு அன்றே உள்ளே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். இதில் தவறு உண்டா?

14 ஒக்டோபர், இரவு

அன்றே விடாதீர்கள். நானும் கிளாஸ்கோவில் இப்போது இதே வேலையின் நடுவில் இருக்கிறேன். என்னுடைய பழையவள் கறுப்பிக்கு நான்கு வயது, 26 சென்டிமீட்டர். புதியவள் மல்லி, வெண்ணிறம், 17 சென்டிமீட்டர். செப்டம்பர் 30 அன்று வாங்கி வந்தேன். இன்றுவரை கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில்தான் இருக்கிறாள். தினமும் மாலையில் குளோரின் நீக்கிய தண்ணீரை இன்னொரு பெட்டியில் நிரப்பி அவளை அதற்கு மாற்றுகிறேன், பழைய பெட்டியைக் கழுவிக் காயவைக்கிறேன். வாளி, வலை, புழு கொடுக்கும் இடுக்கி எல்லாம் அவளுக்குத் தனி. முப்பது நாள் முடியும்வரை இதுதான்.

வாங்கப்போகும் விலங்கின் நீளத்தை நீங்கள் எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் முதலில் அதுதான் தெரியவேண்டும். ஆக்ஸலோட்டலுக்குக் கண்பார்வை மங்கல்; முன்னால் ஏதாவது அசைந்தால் வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சிவிடும். அசைந்தது புழுவா, பக்கத்தில் இருப்பதன் காலா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை.

15 ஒக்டோபர்

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். தொட்டி நிலைத்துவிட்டது என்று நாம் சொல்லும்போது, நிலைத்தது கண்ணாடியோ மணலோ தண்ணீரோ அல்ல. ஃபில்டர் ஸ்பாஞ்சில் வாழும் பாக்டீரியாக்கள், அந்தத் தொட்டியில் இருக்கும் ஒரே விலங்கு நாளொன்றுக்கு வெளியிடும் அமோனியா எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் பெருகி நிற்கின்றன. உணவு கூடினால் அவையும் கூடும். ஆனால் ஒரே இரவில் கூடிவிடாது, 16 டிகிரி குளிர்ந்த நீரில் இன்னும் மெதுவாகத்தான் கூடும். உங்கள் தொட்டியில் அமோனியா பூச்சியம் என்றால், இந்த ஒரு விலங்குக்கு அது போதுமானதாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். இரண்டாவது வந்த மறுநாளிலிருந்து அந்தக் கணக்கைப் புதிதாகப் போடவேண்டும்.

தொட்டியின் கொள்ளளவையும் எழுதுங்கள். என்னுடையது 120 சென்டிமீட்டர் நீளம், சுமார் 180 லிட்டர். இரண்டு வளர்ந்த விலங்குகளுக்கு இதைவிடச் சிறியதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆக்ஸலோட்டல் தரையில் வாழும் விலங்கு என்பதால், தொட்டியின் உயரம் கூடுவதைவிட தரைப்பரப்பு கூடுவதுதான் அதற்கு உதவும்.

17 ஒக்டோபர்

அபர்டீன் வாசகர் பதில் எழுதியிருக்கிறார்: தொட்டி 90 லிட்டர், வாங்கவிருப்பது ஏறக்குறைய 9 சென்டிமீட்டர், பழையது 23. ஒன்பது சென்டிமீட்டர் என்பது உங்கள் பழையதற்கு ஒரு வாய் உணவு. இதை மிகைப்படுத்தி எழுதவில்லை. பெரியது சிறியதை முழுதாக விழுங்க முயலும். விழுங்கிவிட்டுப் பெரியதும் மூச்சடைத்துச் சாகக்கூடும். தயவுசெய்து இந்தச் சனிக்கிழமைப் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

தனிமை பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆக்ஸலோட்டல் கூட்டமாக வாழும் விலங்கு அன்று. இனப்பெருக்கக் காலத்தைத் தவிர இன்னொன்றைத் தேடிப்போகும் பழக்கம் அதற்கில்லை. மெக்சிகோ நகரத்தின் சொச்சிமில்கோ கால்வாய்கள்தான் காட்டு ஆக்ஸலோட்டலுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வீடு. அங்கே 1998ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6000 இருந்தன; 2014இல் அது 36 ஆகச் சுருங்கியது. கழிவுநீரும், அங்கே கொண்டுவந்து விடப்பட்ட கெண்டை, திலாப்பியா மீன்களும் அந்த அழிவுக்குப் பெரும் காரணங்கள். அந்த 36ஐ நினைத்தால் எனக்கும் துயரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஓர் இனத்தின் அழிவை எண்ணி வரும் துயரம். தொட்டி மூலையில் வயிறு நிறைந்து அசையாமல் கிடக்கும் ஒரு விலங்கின் துயரம் அன்று. மல்லியை நான் வாங்கியது கறுப்பிக்காக அல்ல, எனக்காக. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டால், அவசரப்படுவதற்குக் காரணமே இருக்காது.

22 ஒக்டோபர்

மல்லியின் இடது செவுள் நுனியில் பஞ்சு போல வெண்மை படர்ந்திருக்கிறது. காலையில் இல்லை, மாலையில் தண்ணீர் மாற்றும்போது பார்த்தேன். பெட்டியைக் கூடத்திலிருந்து இன்னும் குளிர்ச்சியான பின்கதவுப் பக்கம் நகர்த்திவிட்டேன், தண்ணீர் 14 டிகிரி. நாட்டுவாதுமை இலையை ஊறவைத்த நீரைக் கொஞ்சம் கலந்திருக்கிறேன். ஊரில் மரத்தடியில் குவிந்து கிடக்கும் அந்தச் சருகை இங்கே மீன்கடையில் பத்துப் பத்தாகக் கட்டி விற்கிறார்கள்.

29 ஒக்டோபர்

பூஞ்சை போய்விட்டது. தினசரித் தண்ணீர் மாற்றமும் குளிர்ச்சியும் இலைச் சாறுமே போதுமாக இருந்தன. உப்புக் குளியலுக்குத் தேவை வரவில்லை.

'பார்த்தீர்களா, தனிமைப்படுத்தியதால்தான் பழையவள் தப்பினாள்' என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அது முழு உண்மையன்று. அந்தப் பஞ்சுப் பூஞ்சையின் வித்துகள் ஏறக்குறைய எல்லா நன்னீரிலும் உண்டு. கறுப்பியின் தொட்டியிலும் இருக்கும். அலைச்சலாலும் இடமாற்றத்தாலும் மல்லி தளர்ந்திருந்ததால்தான் அவளைப் பிடித்தது. தனிமைப்படுத்தியதன் பயன் வேறு. தினமும் கையளவு தூரத்தில் வைத்துப் பார்த்ததால் முதல் நாளிலேயே கண்டுபிடித்தேன்; 180 லிட்டர் தொட்டியில், குகைக்குள் ஒளிந்திருந்தால் ஒரு வாரம் கழித்தே கண்ணில் பட்டிருக்கும். மற்றபடி, கண்ணுக்குத் தெரியாத சைட்ரிட் போன்ற தோல் நோய்களுக்கும் குடற் புழுக்களுக்கும் எதிராகவே அந்த முப்பது நாள். அவளுக்கு நோய் வந்துவிட்டதால் எண்ணிக்கையை இன்றிலிருந்து மறுபடி தொடங்குகிறேன்.

28 நவம்பர்

இன்று மல்லி 19 சென்டிமீட்டர். மண்புழுவைத் தயங்காமல் எடுக்கிறாள், கழிவும் ஒழுங்காக இருக்கிறது. இன்னும் 7 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால் ஒன்றாக விட மனமில்லை. இரண்டுக்கும் இடையே 5 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது வளர்ப்பவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு.

அதனால் தொட்டியை நடுவில் தடுத்திருக்கிறேன். கூரை விளக்குகளுக்குக் கீழே பொருத்தும் சதுரக் கண்ணிப் பிளாஸ்டிக் தட்டை அளவாக வெட்டி, ஓரங்களை உரசி மழமழப்பாக்கி, மணலுக்குள் இரண்டு அங்குலம் இறக்கினேன். கடந்த ஒரு வாரமாக மல்லியின் பெட்டித் தண்ணீரில் தொட்டித் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கூட்டிக் கலந்துவந்தேன். அதனால் மாறும்போது அவளுக்கு அதிர்ச்சியில்லை. தண்ணீரும் மணமும் பொது, உடல் மட்டும் தனித்தனி. இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அபர்டீன் வாசகருக்கும் இதையே பரிந்துரைக்கிறேன்.

10 டிசம்பர்

மேலே நவம்பர் 28 அன்று எழுதிய பரிந்துரையை அப்படியே பின்பற்றாதீர்கள்.

இன்று காலை மல்லியின் முன் இடது கையில் விரல்கள் இல்லை. தடுப்பின் கண்ணி வழியாகக் கையை நீட்டியிருக்கிறாள். மறுபக்கத்தில் கறுப்பி இருந்திருக்கிறாள். அந்தக் கண்ணி ஒன்றரைச் சென்டிமீட்டர் அகலம். தலை நுழையாது என்று பார்த்த நான், கை நுழையும் என்று பார்க்கவில்லை. இரத்தம் அதிகமில்லை, உணவும் எடுத்தாள். ஆனாலும் அந்தச் சிறிய வெண்ணிறக் கை மணிக்கட்டோடு முடிந்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் பதறியது. அவள் என்னை நம்பி அங்கே இருந்தாள்.

மறுபடி பெட்டிக்கு மாற்றிவிட்டேன். தடுப்பு வைப்பவர்கள் கொசுவலை அளவுக்கு நுண்ணிய பிளாஸ்டிக் வலையை இருபுறமும் பூட்டுங்கள், அல்லது துளையிடாத தகட்டை வைத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்கள்.

11 டிசம்பர்

'எப்படியும் வளர்ந்துவிடுமே' என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். வளரும். காயத்தின் மேல் ஒரே நாளில் தோல் மூடிவிடும். பிறகு நுனியில் ஒரு மொட்டுத் தோன்றும், அதிலிருந்து எலும்பும் தசையும் நரம்பும் விரலும் முன்பிருந்த ஒழுங்கிலேயே உருவாகும். உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் இந்த விலங்கை வைத்திருப்பதும் அதற்காகவே. ஆனால் மீண்டும் வளரும் என்பதற்காக வலிக்காது என்றோ, அதன் உடலுக்குச் செலவில்லை என்றோ ஆகிவிடாது. புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது ஓரிரு கடி சகஜம் என்று எழுதுபவர்களோடு நான் உடன்படவில்லை. தடுத்திருக்கக்கூடிய கடி அது.

11 பெப்ரவரி 2024

கை முழுமையாக வந்துவிட்டது. நான்கு விரல்களையும் எண்ணினேன். நிறம் மட்டும் இன்னும் சற்று வெளிறியிருக்கிறது. மல்லி இப்போது 22 சென்டிமீட்டர். கறுப்பி 26லேயே நிற்கிறாள். இன்று தடுப்பை எடுத்தேன்.

செய்த முறையை எழுதிவிடுகிறேன். முந்தைய இரவு இருவருக்கும் வயிறு நிறையப் புழு. காலையில் தொட்டிக்குள் இருந்த குகைகளையும் குழாய்களையும் செடிகளையும் இடம் மாற்றி வைத்தேன், இது என் மூலை என்று கறுப்பிக்கு எதுவும் மிஞ்சாதபடி. இரண்டு விலங்குக்கு நான்கு ஒளிவிடங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல், ஒன்றால் நுழைந்தது மற்றதால் தப்பிக்கலாம். விளக்கு அணைத்தே இருந்தது. மல்லியை வலையில் அல்லாமல் ஒரு கிண்ணத்தில் எடுத்து, தூரத்து மூலையில் தண்ணீருக்குள் சாய்த்தேன். பகல் முழுவதும் வீட்டிலேயே இருந்தேன். ஒருமுறை முகத்தோடு முகம் சந்தித்தார்கள். கறுப்பி தலையை ஒரு பக்கமாகச் சொடுக்கினாள், மல்லி பின்னால் பாய்ந்தாள், அவ்வளவுதான். முதல் பத்து இரவுகள் மல்லியைப் பெட்டிக்கு மாற்றிவிட்டே தூங்கப் போவேன். ஆக்ஸலோட்டல்கள் இருட்டில்தான் சுறுசுறுப்பாக நடமாடும். பகலில் கண்ட அமைதியை இரவுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

உணவு கொடுக்கும்போது இருவரும் இரண்டு கோடியில் இருக்கவேண்டும். புழுவின் மணம் பரவியதும் அருகில் அசைவதையெல்லாம் கடிப்பார்கள்.

6 ஏப்ரல்

மல்லி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. இருவரின் செவுள்களும் வெளிறி, முன்பக்கமாக வளைந்திருக்கின்றன. சோதித்துப் பார்த்தேன்: அமோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம், பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; குறையக் குறைய அமிலம் கூடும்) 6.0. அந்தச் சோதனைத் துளிகளால் 6.0க்குக் கீழே அளக்க முடியாது; ஆகவே உண்மையில் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். நான்கு வருடம் அசையாமல் நின்ற தொட்டி, இரண்டாவது விலங்கு வந்து எட்டு வாரத்தில் விழுந்துவிட்டது. உடனே பாதித் தண்ணீரை மாற்றியிருக்கிறேன்.

7 ஏப்ரல்

நேற்றைய தண்ணீர் மாற்றத்துக்குப் பிறகு இருவரும் அமைதியாகாமல், தொட்டியின் நீளத்துக்கு முன்னும் பின்னும் பாய்ந்துகொண்டிருந்தார்கள். லண்டன் வாசகர் ஒருவர் இரவே எழுதி என்னைத் திருத்தினார். அவருக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். பிஎச் 6இல் அமோனியா பெரும்பாலும் அமோனியமாகவே இருக்கும், அதனால் அதிகத் தீங்கில்லை. அதே தண்ணீரில் பிஎச் 8ஐ நெருங்கும் குழாய் நீரை ஊற்றிப் பிஎச்சை ஏற்றினால், நஞ்சான பகுதி பல மடங்கு பெருகும். பிஎச் 6 நேராக 8 ஆனால் ஏறக்குறைய நூறு மடங்கு. நான் செய்திருக்க வேண்டியது, விலங்குகளை உடனே சுத்தமான தண்ணீருள்ள தனித்தனிப் பெட்டிகளுக்கு மாற்றிவிட்டு, தொட்டியைப் பிறகு பார்ப்பது. நள்ளிரவில் அதைச் செய்தேன். இன்று காலை இருவரும் அமைதியாகக் கிடக்கிறார்கள்.

9 ஏப்ரல்

ஏன் விழுந்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். அங்கே நிலத்தடியெல்லாம் சுண்ணக்கல். கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் கேத்திலின் உட்புறம் வெள்ளையாகப் படிந்துவிடும். கிளாஸ்கோவுக்கு வந்து இத்தனை வருடத்தில் என் கேத்திலில் ஒரு பொட்டு வெள்ளை பார்த்ததில்லை. இந்த நகரம் 1859 முதல் கத்ரின் ஏரியின் தண்ணீரைக் குடித்துவருகிறது. மிக மென்மையான தண்ணீர். என் குழாய் நீரின் கார்பனேட் கடினத்தன்மை (நீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டின் அளவு; இதையும் டிகிரியில்தான் சொல்வார்கள்) 1 டிகிரிதான். தேநீருக்கு அருமையான தண்ணீர். கடின நீரை விரும்பும் ஆக்ஸலோட்டலுக்குப் போதாது.

பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் பிறக்கிறது; அந்த அமிலத்தை விழுங்கிக்கொள்வது இந்தக் கார்பனேட். நைட்ரேட் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஏறுவதற்குள் 1 டிகிரி கார்பனேட் தீர்ந்துபோகும். கறுப்பி தனியாக இருந்தபோது வாரத்துக்கு 3 மில்லிகிராம்தான் ஏறியது. வாரந்தோறும் பாதித் தண்ணீர் மாற்றியதில் அந்த இழப்பு ஈடாகிவந்தது. இருவரான பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 8. நான் அதே பாதித் தண்ணீரையே மாற்றிக்கொண்டிருந்தேன். அதில் வந்து சேரும் கார்பனேட் எப்படிப் பார்த்தாலும் அரை டிகிரியைத் தாண்டாது. செலவோ முக்கால் டிகிரி. அதனால் கார்பனேட் தீர்ந்தது, பிஎச் சரிந்தது, அமிலத்தில் பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்தின, அமோனியா அப்படியே தேங்கியது. ஒக்டோபர் 15 அன்று பாக்டீரியா பெருகுவதைப் பற்றி மட்டும் எழுதினேன். அது சரிதான், ஆனால் பாதிதான். பாக்டீரியா பெருகிக்கொண்டது, அது வேலை செய்வதற்கு வேண்டிய கார்பனேட்டைத்தான் நான் கொடுக்கவில்லை.

அபர்டீனிலும் டீ ஆற்றின் மென்மையான தண்ணீர்தான். அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் என்று எழுதினீர்கள். கார்பனேட் கடினத்தன்மையையும் அளந்து பாருங்கள். லண்டன் போலச் சுண்ணம் மிகுந்த தண்ணீர் வரும் ஊர்க்காரர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

28 ஏப்ரல்

நொறுக்கிய பவளத்தை வலைப்பையில் கட்டி கேனிஸ்டர் ஃபில்டருக்குள் வைத்தேன். கார்பனேட் 4 டிகிரி, பிஎச் 7.5, அமோனியா பூச்சியம். இருவரும் தொட்டிக்குத் திரும்பிவிட்டார்கள். வாரத்தில் இரண்டு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுகிறேன்.

19 மே

மல்லியைப் 'பெண்' என்று விற்றார்கள், நானும் இங்கே ஏழு மாதமாக 'அவள்' என்றே எழுதிவந்தேன். மல்லி ஆண். இன்று காலை மணலின் மேல் சிறிய கூம்பு வடிவில், கண்ணாடி போன்ற பாகுத் துளிகள், ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைப் பொட்டு. அவை ஆண் வைக்கும் விந்துப் பொதிகள். வாலடியின் இருபுறமும் வீங்கியிருப்பதைச் சில வாரமாகவே பார்த்தேன், நிறையச் சாப்பிடுவதால் என்று நினைத்துக்கொண்டேன். வளர்ந்து முடியாத விலங்கை ஆணா பெண்ணா என்று விற்பவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு வயதும் 18 சென்டிமீட்டரும் கடந்த பிறகு வீக்கம் தெரிந்தால் ஆண்; தெரியாவிட்டால் இன்னும் சில மாதம் பொறுத்திருந்து பார்க்கவேண்டும்.

21 மே

கறுப்பி முட்டையிட்டுவிட்டாள். செடியிலும் ஃபில்டர் குழாயிலும் கண்ணாடியிலும் ஒட்டியிருந்தவற்றில் 400க்கு மேல் எண்ணிய பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அனைத்தையும் இன்றே எடுத்து உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டேன். கரு உருவாகத் தொடங்கும் முன்னரே செய்யவேண்டிய வேலை இது.

ஏன் பொரிக்கவிடவில்லை என்று கேட்பீர்கள். 1864இல் பாரிசின் தாவரவியல் தோட்டத்தில் ஒகுஸ்த் டுமெரில் என்பவரின் கைக்கு வந்து சேர்ந்த ஆறு விலங்குகளிலிருந்துதான், இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் ஆக்ஸலோட்டல்களில் மிகப் பெரும்பாலானவை வந்தன. அந்த ஆறில் பெண் ஒன்றே ஒன்று. இரண்டு விலங்குகளின் பெற்றோர் யார் என்றே தெரியாத நான் அவற்றை இணைசேர்த்து, 400 குஞ்சுகளை ஒன்றையொன்று கடிக்காமல் வளர்த்து, ஒவ்வொன்றுக்கும் நல்ல வீடு தேடுவது என்னால் ஆகாத காரியம். கால்வாயில் மிஞ்சியிருக்கும் இனத்துக்கும் அதனால் ஒரு நன்மையும் இல்லை.

மல்லியை இன்று மாலையே பிரித்துவிட்டேன். அவன் விடாமல் துரத்துவான். அவளுக்கு உடல் தேற மாதக்கணக்கில் ஓய்வு வேண்டும்.

14 ஜூலை

இப்போது இரண்டு தொட்டிகள். மல்லிக்கு 110 லிட்டர், கறுப்பியின் ஃபில்டரிலிருந்து எடுத்த ஸ்பாஞ்சோடு தொடங்கியதால் மூன்று வாரத்தில் அமோனியா பூச்சியமானது. கறுப்பி மெலிந்திருந்தாள், மறுபடி தேறிவருகிறாள். இருவரும் தத்தம் தொட்டியில் நாளெல்லாம் அசையாமல் கிடக்கிறார்கள். மற்றதைத் தேடும் அறிகுறி இரண்டிலும் இல்லை.

அபர்டீன் வாசகர் கடந்த மாதம் புதியதை வாங்கியே விட்டதாக எழுதியிருக்கிறார். பழையது பெண் என்று உறுதியாகிவிட்டது, புதியது 15 சென்டிமீட்டர், பெட்டியில் 25ஆவது நாள், 190 லிட்டர் தொட்டியும் வாங்கிவிட்டார். நன்றாகச் செய்திருக்கிறீர்கள். முப்பதாவது நாள் முடிந்தாலும் உடனே விடவேண்டாம். 18 சென்டிமீட்டரைத் தாண்டி, வாலடியைப் பார்த்து ஆணா பெண்ணா என்று தெரியும்வரை பெட்டியிலோ தனித் தொட்டியிலோ இருக்கட்டும். குழாய் நீரின் கார்பனேட் அளவை நீங்கள் இன்னும் எழுதவில்லை. இந்த வாரம் அளந்து எழுதுங்கள்.